எதிராளியின் ஏளனம்: அசடு வேடம் பூண்ட துப்பறிவாளர்கள்

1968 பிப்ரவரி 20ஆம் தேதி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘பிரிஸ்க்ரிப்ஷன்: மர்டர்’ என்ற படம் ஒளிபரப்பானது. ரே ஃப்ளெமிங் என்ற மனநல மருத்துவர் தன் மனைவியைக் கொல்கிறார். காதலியை மனைவிபோல் வேடமிட வைத்து விமானம்வரை அழைத்துச் சென்று, மனைவி அப்போது உயிரோடு இருந்தாள் என்று சொல்லச் சாட்சிகளைத் தயார் செய்துகொள்கிறார். வழக்கை விசாரிக்க வருகிறவர் கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக, பென்சிலைத் தேடிப் பையெல்லாம் துழாவும் ஒரு லெப்டினன்ட். பெயர் கொலம்போ. ஒரு நாள் மாலை மருத்துவரின் அறையில் இருவரும் மது அருந்தியபடி பேசுகிறார்கள். இத்தனை திட்டமிட்டுக் கொலை செய்கிறவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று கொலம்போ யோசனை கேட்கிறார். மருத்துவர் விளக்குகிறார். விளக்கி முடித்த கையோடு எதிரில் இருப்பவரையும் அலசுகிறார். நீர் புத்திசாலி, அதை மறைக்கிறீர். நல்ல தோற்றமும் நாசூக்கும் இல்லாத குறையையே முதலாக வைத்துத் தொழில் செய்கிறீர். எதிராளி உம்மைக் குறைத்து மதிப்பிடும் இடத்தில்தான் அவனை விழவைக்கிறீர். அந்தப் பேச்சின் சாரம் இதுதான்.

ஆக, கொலையாளிக்கு வித்தை முழுவதும் தெரிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் அசடு இல்லை என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் படம் முடிவதற்குள் பிடிபடுகிறார்.

துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அசடு வேடத்தை ஓர் ஏமாற்று வித்தையாகப் பார்க்கிறார்கள். எதிரியை அசரவைத்து, அவன் அசந்த நேரத்தில் பிடிப்பது என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு அதுதான் என்றால், வேடம் கலைந்த கணத்தில் ஃப்ளெமிங் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவரோ மேலும் பேசுகிறார். இன்னொருவரைத் தாழ்வாகப் பார்ப்பது அவரைப் பற்றிய விவரம் போதாமல் வருவதில்லை என்பதே இதற்கு நான் காணும் காரணம். அது பார்க்கிறவரின் அந்தஸ்திலிருந்து வருகிறது. விவரம் தெரிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. இந்தத் துப்பறிவாளர்கள் அணியும் அசட்டுத்தனத்தை அவர்கள் தைத்துக்கொள்வதில்லை. அவர்கள் வாழும் சமூகம் யாரை மதிக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறதோ, அந்த ஆளின் உடுப்பு தயாராகத் தொங்குகிறது. அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளிப் பருவத்திலிருந்தே நண்பர்கள், சேர்ந்து எழுதியவர்கள். தங்கள் துப்பறிவாளரின் மூதாதை என்று அவர்கள் குறிப்பிட்டது போர்ஃபிரி பெத்ரோவிச்சை. 1866இல் தஸ்தயேவ்ஸ்கி ஒரு ரஷ்ய மாத இதழில் தொடராக எழுதிய ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் விசாரணை அதிகாரி அவர். முப்பத்தைந்து வயது, குள்ளம், தொந்தி, உருண்டை முகம், காரணமில்லாத கெக்கலிப்பு. அடகுக்காரக் கிழவியைக் கோடரியால் வெட்டிய ரஸ்கோல்நிகோவ் அவரை முதல்முறை சந்திக்கும் அத்தியாயத்தில் ஒரு சிறு இடம் உண்டு. விடைபெறும் நேரம். பேச்சோடு பேச்சாகப் போர்ஃபிரி கேட்கிறார்: நீங்கள் கிழவியிடம் போனபோது இரண்டாம் மாடியில் ஒரு வீடு திறந்திருந்ததே, அங்கே பெயின்டர்கள் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தீர்களா? ரஸ்கோல்நிகோவ் நினைவைத் துழாவுவதுபோல் நடிக்கிறான். இல்லை, பெயின்டர்களைப் பார்க்கவில்லை என்கிறான். கூட இருக்கும் நண்பன் ரஸுமிகின் கொதித்துப்போகிறான். பெயின்டர்கள் வேலை செய்தது கொலை நடந்த அன்றைக்கு, இவன் போனது அதற்குச் சில நாள் முன்பு, என்ன கேள்வி இது என்கிறான். போர்ஃபிரி உடனே நெற்றியில் தட்டிக்கொள்கிறார். குழப்பிக்கொண்டேன், இந்த வழக்கு என் மூளையைக் கலக்கிவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிறார்.

பார்த்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ரஸ்கோல்நிகோவ் கண்ணியைக் கண்டுகொண்டு தாண்டிவிட்டான். ஆனால், தாண்டியதற்கும் ஒரு விலை உண்டு. இந்த ஆள் குழம்பவில்லை என்பது இப்போது அவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகு அவனால் விலகியிருக்க முடியவில்லை. மீண்டும் அவரைத் தேடிப் போகிறான். மெழுகுவத்தியைச் சுற்றும் விட்டில்போலக் குற்றவாளி தானாகவே வந்து சுற்றுவான், அவனைக் கைது செய்யாமல் விட்டுவைப்பதே நல்லது என்று போர்ஃபிரி அவனிடமே வகுப்பு எடுக்கிறார். வேடத்தின் ரகசியத்தை எதிராளியிடமே சொல்லிவிட்டு வேடத்தைத் தொடரும் துணிச்சல் இங்கே தொடங்குகிறது. நூறு ஆண்டுக்குப் பிறகு ஃப்ளெமிங்கின் அறையில் நடப்பது இதன் மறுபக்கம்: அங்கே ரகசியத்தைச் சொல்பவன் கொலையாளி.

இங்கிலாந்துக்கு வரும்போது உடுப்பு மாறுகிறது. செஸ்டர்டன் 1910இல் எழுதிய ‘தி ப்ளூ கிராஸ்’ கதையில் ஃபாதர் பிரௌன் அறிமுகமாகிறார். வட்ட முகம், நழுவி நழுவி விழும் குடை, பழுப்புக் காகிதப் பொட்டலங்கள். செஸ்டர்டன் இவரைத் தன் நண்பர் ஜான் ஓ’கானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரை மனதில் வைத்து எழுதினார். ஓ’கானர் நேர்த்தியாக உடுத்தும் மனிதர். கதைக்காக அவரைக் கசங்கியவராகவும் தடுமாறுபவராகவும் மாற்றியதைச் செஸ்டர்டனே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். கதை பிறந்த சந்தர்ப்பமும் அங்கே இருக்கிறது. மனிதர்கள் செய்யும் கொடுமைகளைப் பற்றி ஓ’கானர் அன்று சொன்னவை செஸ்டர்டனைத் திடுக்கிட வைத்திருந்தன. சற்று நேரத்தில் இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பாதிரியார்கள் மடத்துக்குள் அடைந்துகிடப்பதால் உலகத்தின் தீமை தெரியாத அப்பாவிகள் என்று ஓ’கானர் வெளியே போனதும் பேசினார்கள். பாவமன்னிப்புக் கூண்டில் ஆண்டுக்கணக்காக மனிதர்களின் குற்றங்களைக் கேட்டவருக்குத் தீமை தெரியாது என்று அந்தப் படித்த இளைஞர்கள் நம்பினார்கள். புராட்டஸ்டன்ட் இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியாருக்கு இருந்த இடம் அது.

அந்த முதல் கதையில் ஃபாதர் பிரௌன் செய்வதெல்லாம் கிறுக்குத்தனம். உணவகத்தில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பை மாற்றி வைக்கிறார், சுவரில் சூப்பை வீசுகிறார், பழக்கடையில் ஆப்பிள்களைக் கவிழ்க்கிறார், இன்னொரு உணவகத்தில் முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறார். கூட வருகிறவன் பாதிரி வேடத்தில் இருக்கும் கொள்ளைக்காரன் ஃப்ளாம்போ. அவன் கண்ணெதிரே, அவன் சந்தேகப்படாமல், பின்னால் வரும் காவல்துறைக்கு லண்டன் முழுக்கத் தடம் விட்டுச் செல்ல வேறு வழியில்லை. ஒரு பாதிரியார் அசட்டுத்தனமாக நடந்தால் யாரும் காரணம் தேட மாட்டார்கள் என்பதை அவர் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளுக்கு இத்தனை பாடுகூட வேண்டியிருக்கவில்லை. 1927 டிசம்பரில் வெளிவந்த ‘தி டியூஸ்டே நைட் கிளப்’ அவர் தோன்றும் முதல் கதை. அவர் வீட்டு வரவேற்பறையிலேயே சிலர் கூடியிருக்கிறார்கள். எழுத்தாளர், ஓவியர், வழக்கறிஞர், பாதிரியார், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர். ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்லி அவிழ்க்கலாம் என்று ஓவியர் தலைகளை எண்ணுகிறார். ஐந்து வருகிறது, ஆறு இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறார். கணப்பருகே பின்னிக்கொண்டிருக்கும் கிழவி, என்னை மறந்துவிட்டாயே என்று புன்னகையோடு நினைவுபடுத்துகிறார். வீட்டுக்காரியையே எண்ண மறந்த அந்தக் கூட்டத்தில் விடையைக் கண்டுபிடிப்பது அவர்தான். திருமணமாகாத வயதான பெண், கையில் நூல்கண்டு. இந்த இரண்டும் போதும், அவர் எதிரில் எதையும் பேசலாம் என்ற தைரியம் மற்றவர்களுக்கு வந்துவிடுகிறது. மார்ப்பிள் ஒருபோதும் முட்டாளாக நடிப்பதில்லை. மற்றவர்கள் கொடுத்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்.

கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ இதைத் தெரிந்தே செய்தவர். ‘த்ரீ ஆக்ட் டிராஜடி’ நாவலின் இறுதியில், ஆங்கிலத்தைச் சுத்தமாகப் பேசத் தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறார். உடைந்த ஆங்கிலம் பேசினால் அந்நியன் என்று ஆங்கிலேயர்கள் இளக்காரமாக நினைப்பார்கள், எச்சரிக்கையை விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு. பெல்ஜியத்திலிருந்து போர் அகதியாக வந்தவர் அப்படிச் சொல்கிறார் என்பதை நினைத்துப் படித்தால் அந்தச் சில வரிகளில் வேடிக்கையைவிட வலியே மிகுதி. அந்த நாட்டில் எத்தனை பேர் எத்தனை முறை அவரைக் கீழாகப் பார்த்திருந்தால் அதை இப்படி ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டிருப்பார்!

டாரத்தி சேயர்ஸின் லார்ட் பீட்டர் விம்சியையும் மார்ஜரி ஆலிங்ஹாமின் ஆல்பர்ட் கேம்பியனையும் இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். ஒற்றைக் கண்ணாடியும் உளறல் பேச்சுமாக 1923இல் விம்சி வந்தார். வெறித்த முகமும் கொம்புச் சட்டக் கண்ணாடியுமாக 1929இல் கேம்பியன் வந்தார். எனக்கு இவர்கள் வேறு இனம் என்று படுகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை கோமாளித்தனம் செய்தால் அதைச் சகித்துக்கொள்ள ஆள் உண்டு. தேவைப்பட்ட நிமிடத்தில் வேடத்தைக் கழற்றிவிட்டுப் பிரபுவாக நிமிர்ந்து நிற்கலாம், கதவுகள் திறக்கும். மார்ப்பிளால் முதுமையைக் கழற்ற முடியாது, புவாரோவால் ஆங்கிலேயராக முடியாது. முதல் உலகப் போரின் அதிர்ச்சியில் உடைந்துபோன மனத்தை மூடிவைக்க விம்சிக்கு உளறல் தேவைப்பட்டது என்பதைச் சேயர்ஸ் ஆழமாகவே எழுதியிருக்கிறார். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கொலம்போவிடம் இது முழு வளர்ச்சி அடைகிறது. லெவின்சனும் லிங்க்கும் அந்தப் பாத்திரத்தை 1960இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் அறிமுகப்படுத்தினார்கள். 1962இல் அதே கதையை மேடைக்கு எழுதியபோது தாமஸ் மிட்செல் நடித்தார். ஆறாண்டு கழித்துத்தான் பீட்டர் ஃபால்க் வந்தார். மூன்று வயதில் புற்றுநோயால் வலது கண்ணை இழந்தவர், கண்ணாடிக் கண் பொருத்தியவர், பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர். அந்த மழைக்கோட்டு நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது அவர் வாங்கிய சொந்தக் கோட்டு. வாசல்வரை போய்த் திரும்பிவந்து ‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்று கேட்பது கொலம்போவின் முத்திரை. மேடை நாடகத்தைத் தட்டச்சு செய்தபோது அது எப்படி வந்தது என்பதை லிங்க் சொல்லியிருக்கிறார். ஒரு காட்சி குட்டையாகிவிட்டது, கொலம்போ ஏற்கெனவே வெளியே போய்விட்டார், முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு அவரைத் திரும்பி வரவைத்தார்கள். 1971இல் தொடராகத் தொடங்கி 2003வரை இடைவெளிகளோடு வந்தது, இரண்டு முன்னோடிப் படங்களையும் சேர்த்து 69 கதைகள்.

கொலை எப்படி நடந்தது, யார் செய்தது என்பதை முதலிலேயே காட்டிவிடும் முறை இந்தத் தொடருடையது. 1912இல் ‘தி சிங்கிங் போன்’ தொகுப்பில் ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் கையாண்ட உத்தி. இதனால் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்கிறது. மார்ப்பிள் கதையில் அவரைக் குறைவாக எடைபோடும் கூட்டத்தில் வாசகரும் ஒருவர். கொலம்போவில் அப்படியில்லை. கொலையும் நமக்குத் தெரியும், கொலம்போவின் கூர்மையும் தெரியும். நாம் பார்ப்பது ஏளனம் வேலை செய்யும் விதத்தை மட்டும். கொலையாளிகள் பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சலஸின் மேல்தட்டு. இசை நடத்துநர், கலை விமர்சகர், செஸ் வீரர், அறுவைசிகிச்சை நிபுணர், அரசியல்வாதி. பெரிய வீடுகள், அகலமான புல்வெளிகள். அவற்றின் வாசலில் துருப்பிடித்த ஒரு பெஷோ காரிலிருந்து இறங்கும் போலீஸ்காரர், காலைச் சரியாகத் துடைத்தோமா என்று பார்க்கிறார், மனைவி உங்கள் தீவிர ரசிகை என்கிறார், இந்தக் காலணி என்ன விலை என்று கேட்கிறார். சட்டப்படி அவரைத் தடுக்க வழி இருக்கிறது. கைதாகிக் காவலில் இருப்பவருக்கு மௌனம் காக்கவும் வழக்கறிஞரை அழைக்கவும் உள்ள உரிமையை விசாரணைக்கு முன் சொல்லியாக வேண்டும் என்று 1966இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கொலம்போ யாரையும் கடைசி நிமிடம்வரை கைது செய்வதில்லை. அவை எல்லாம் வெறும் பேச்சுகள். இனி என் வழக்கறிஞரிடம் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அநேகமாக யாரும் சொல்வதில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு வழக்கறிஞரா என்ற நினைப்பு ஒருபக்கம். தெரியாதவருக்கு விளக்குவதில் உள்ள சுகம் இன்னொரு பக்கம்.

அந்தச் சுகம் எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதற்கு 1974இல் வந்த ‘நெகட்டிவ் ரியாக்‌ஷன்’ நல்ல உதாரணம். பால் கலெஸ்கோ புகழ்பெற்ற புகைப்படக்காரர். மனைவியைக் கட்டிவைத்துப் படமெடுத்துக் கொன்றுவிட்டு, கடத்தல்காரன் அனுப்பிய படம் என்று நம்பவைக்கிறார். படத்தில் உள்ள கடிகாரம் 2 மணி காட்டுகிறது, அந்த நேரத்துக்கு அவருக்குச் சாட்சி உண்டு. கடைசிக் காட்சியில் கொலம்போ அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து காட்டுகிறார். கடிகாரத்தில் மணி 10. கலெஸ்கோ கொதிக்கிறார்: நீங்கள் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டுவிட்டீர்கள், மூலப் படத்தைப் பாருங்கள். கொலம்போ தலையைச் சொறிகிறார். மூலப் படத்தை அமிலத்தில் தவறவிட்டுவிட்டேன், அது போயே போய்விட்டது என்கிறார். இத்தனை மடத்தனத்தைத் தொழில் தெரிந்த எந்தக் கலைஞனால் தாங்க முடியும்? நெகட்டிவ் இருக்கிறதே என்று கத்திக்கொண்டே அலமாரிக்குப் பாய்கிறார் கலெஸ்கோ. அங்கே பல கேமராக்கள். நேராகக் கையை நீட்டி ஒரு கேமராவை எடுக்கிறார். கொலைக்குப் பயன்பட்ட கேமரா எது என்பது கொன்றவனுக்கு மட்டும்தான் தெரியும். சுற்றி நிற்கும் காவலர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, நீங்கள் சாட்சியா, நீங்கள் சாட்சியா என்று கொலம்போ கேட்கிறார். கலெஸ்கோவைச் சிக்கவைத்தது பயமில்லை. ஒரு முட்டாளைத் திருத்தாமல் இருக்க முடியாத நிபுணனின் அரிப்பு.

இதே கதையில்தான் ஏழைகளுக்கு உணவளிக்கும் ஓர் இல்லத்துக்கு விசாரணைக்குப் போகும் கொலம்போவை அங்குள்ள கன்னியாஸ்திரி வீடற்றவர் என்று நினைத்துச் சாப்பாடு போட்டு, வேறு கோட்டு தேடித்தர முயல்கிறார். அவரும் கொலம்போவைத் தவறாகத்தான் எடைபோடுகிறார். ஆனால் அவர் பார்வையில் ஏளனம் இல்லாததால் அவருக்குக் கேடு எதுவும் விளையவில்லை. கதாசிரியர் இதை வேண்டுமென்றே அருகருகே வைத்தாரோ தெரியாது, எனக்கு அந்தத் தொடர் முழுவதிலும் மிகப் பிடித்த காட்சி இதுவே.

வேடம் கலைவதை ஃபால்க் மிக அரிதாகவே அனுமதித்தார். 1973இல் வந்த ‘எ ஸ்டிட்ச் இன் கிரைம்’ கதையில் லெனார்ட் நிமோய் இதய அறுவைசிகிச்சை நிபுணர். மூத்த மருத்துவரின் இதயத்தில் நிரந்தரத் தையலுக்குப் பதில் கரைந்துபோகும் தையலைப் போட்டிருக்கிறார், அதைக் கண்டுபிடித்த நர்ஸைக் கொன்றிருக்கிறார். கொலம்போ சந்தேகத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கிறார். கொலம்போவும் சேர்ந்து சிரிக்கிறார். சட்டென்று மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துப் படீரென்று அடித்து வைக்கிறார். குரலில் குழைவு போய்விட்டது. அந்த முதியவர் இறந்தால் பிரேதப் பரிசோதனையில் தையலைத்தான் முதலில் பார்ப்போம் என்கிறார். ஓர் உயிர் இன்னும் காப்பாற்றப்படக்கூடிய நிலையில் இருக்கிறது, அதனால் வேடத்துக்கு அங்கே இடமில்லை. கோபம் இவ்வளவு நாளும் அடியில் இருந்துகொண்டுதான் இருந்தது என்று அந்த ஒரு சத்தத்தில் புரிகிறது.

அப்படியானால் மற்ற நேரத்து அசட்டுத்தனம் முழுக்க நடிப்பா? 1977இல் உயர் அறிவுத்திறன் கொண்டோர் சங்கத்தில் நடக்கும் கொலையை விசாரிக்கும் கதையில் கொலம்போவே இதற்குப் பதில் சொல்கிறார். பள்ளியிலும் காவல்துறையிலும் என்னைவிடப் புத்திசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களைவிட அதிகம் உழைத்து, அதிகம் படித்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் தேறிவிடலாம் என்று முடிவு செய்தேன் என்கிறார். இதை நான் அப்படியே நம்புகிறேன். காலணியின் விலையைக் கேட்பவருக்கு உண்மையிலேயே அதன் விலை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று கேட்க அவருக்குக் கூச்சம் இல்லை. அது முட்டாள்தனமாகத் தெரிவது எதிரில் உள்ளவரின் கண்ணில்தான்.

இந்தக் கேட்கும் முறைக்கு ஆய்வுலகில் ஆதாரம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கைல் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு போன்ற சாதாரணப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்க முயன்றதும் மதிப்பெண்ணை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். விளக்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது. கொலையாளி கட்டிய கதையிலும் அப்படித்தான். எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கக் கேட்க, இல்லாத விவரத்தை இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. இன்னும் நெருக்கமான ஆதாரம் ஸ்வீடனிலிருந்து வருகிறது. மரியா ஹார்ட்விக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சிக் காவலர்களில் ஒரு பகுதியினருக்கு, கையில் உள்ள தடயத்தைக் காட்டாமல் முதலில் பொதுவாகப் பேசவிட்டு, பிறகு தடயத்தோடு ஒப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் அவர்கள் 85.4 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். பயிற்சி இல்லாதவர்கள் 56.1 விழுக்காடு, அதாவது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்று மேல். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்திருப்பது கதாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் தேவனின் துப்பறியும் சாம்பு நினைவுக்கு வராமல் இருக்காது. 1940களில் ஆனந்த விகடனில் வந்த சாம்பு, மேலே சொன்னவர்களுக்கு நேர் எதிர். வங்கிக் குமாஸ்தாவான அவர் உண்மையிலேயே விவரம் போதாதவர். ஏதோ செய்யப்போக ஏதோ நடந்து குற்றவாளி அகப்படுகிறான், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதில் மேதைமையைக் காண்கிறார். ஒருமுறை பெயர் கிடைத்துவிட்டால் விழிப்பதும் தடுமாறுவதும்கூட யுக்தி ஆகிவிடுகின்றன. கொலம்போவின் கூர்மையைக் காண முடியாமல் கண்ணை மறைப்பதும், சாம்புவின் பேதைமையைக் காண முடியாமல் கண்ணை மறைப்பதும் ஒன்றுதான்: ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு நாம் கொடுத்துவிட்ட இடம். இரண்டையும் சேர்த்து வைத்து நம் விமர்சகர்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டும். தேவனை வெறும் நகைச்சுவை எழுத்தாளர் என்று ஒதுக்கிவைத்தது போதும்.

கொலம்போவை நேசிக்கிறவர்கள் ஒரு கறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972இல் லண்டனில் நடப்பதாக வந்த ‘டாகர் ஆஃப் தி மைண்ட்’ கதையில் அவர் குடைக்குள் ஒரு முத்தைத் தானே போட்டுத் தடயத்தை உண்டாக்குகிறார். கொலையாளிகள் உண்மையான கொலையாளிகள் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் கைதட்டிவிடுகிறோம். வெளியுலகில் அந்த உறுதி யாருக்கும் கிடையாது. பொய்த் தடயமும் நயவஞ்சகப் பேச்சும் விசாரணை அறையில் பெரும்பாலும் பிரயோகிக்கப்படுவது ஆதரவற்றவர்கள்மீது. அசடு வேடம் நமக்கு இனிப்பதற்குக் காரணம் அது கீழிருந்து மேல்நோக்கி எய்யப்படுவதுதான். திசை மாறினால் அதே வித்தை கொடுமை. 1989க்குப் பிறகு வந்த கதைகளில் வேறொரு சரிவும் உண்டு. அதற்குள் உலகத்துக்கே கொலம்போவைத் தெரிந்துவிட்டது. ஃபால்க்கின் சைகைகள் பெரிதாகி, தெரியாமல் கேட்பது போய்த் தெரியாததுபோல் காட்டுவது வந்துவிட்டது. 1978வரையிலான கதைகளைப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

அதைவிட, எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கத்தில் கிடைக்கும் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ஆறாம் பகுதியில் இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். போர்ஃபிரி ரஸ்கோல்நிகோவின் அறைக்கே வருகிறார். கெக்கலிப்பு இல்லை, குழப்பம் இல்லை. கொன்றது நீதான் என்று நேராகச் சொல்கிறார். கையில் ஆதாரம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. நீயாக வந்து ஒப்புக்கொள், உன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததாகவே யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டேன், தண்டனை குறையும் என்று வாக்குக் கொடுக்கிறார். நாவலின் முடிவுரையில், வழக்கு நடந்தபோது ரஸ்கோல்நிகோவ்மீது யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை என்று பதிவாகிறது. போர்ஃபிரி தான் கண்டுபிடித்த எதையும் நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை. கொலைக்கு ரஸ்கோல்நிகோவ் பெற்றது சைபீரியாவில் 8 ஆண்டுக் கடுங்காவல் மட்டுமே.